விடுபட்ட கணக்கு: நெல்லைச் சீமைக் காற்றாலைகளும் தேசிய ஆய்வுத் திட்டமும்

காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் இரண்டு தலைமுறைக் காற்றாலைகளை ஒரே பார்வையில் காணலாம். தாழ்ந்த கோபுரங்களில் சின்ன இறக்கைகளோடு வேகமாகச் சுற்றுபவை தொண்ணூறுகளில் வந்தவை. அவற்றுக்கு மேலே, உயர்ந்த குழாய்க் கோபுரங்களில் நிதானமாகச் சுற்றுபவை பின்னால் வந்தவை. நாட்டிலேயே காற்று மிகச் சிறப்பாக வீசும் இடங்களில் ஒன்று இந்த ஆரல்வாய்மொழிக் கணவாய் வாசல். அதன் நல்ல இடங்களில் பெரும்பகுதி இன்னும் சின்ன இயந்திரங்களின் கையில் இருக்கிறது. பெரிய இயந்திரங்களோ காற்று சுமாராக உள்ள கரிசல் காடுகளைத் தேடிப் போகின்றன.

பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். மத்திய அரசு 2016-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2023 டிசம்பரில் அதைத் திருத்தி, ஆயுள் நீட்டிப்பையும் சேர்த்து இன்னொன்று வந்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் தனக்கென ஒரு கொள்கை வகுத்தது. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில் நாடு முழுவதும் இப்படிப் புதுப்பிக்கக்கூடிய காற்றாலைகள் ஏறத்தாழ 25,400 மெகாவாட் அளவுக்கு இருக்கின்றன. தமிழ்நாட்டின் பங்குதான் அதில் பெரியது. இத்தனை இருந்தும் பணகுடி, பழவூர், வடக்கன்குளம் வட்டாரத்தில் பழைய கோபுரங்கள் அசைந்து கொடுக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றை அளப்பதற்கு இந்த நாடு உருப்படியாகச் செலவு செய்தது. இயந்திரம் வைப்பதற்குத் தாராளமாகச் சலுகை கொடுத்தது. வைத்த இயந்திரம் இருபது, முப்பது ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்ற விவரத்தை மட்டும் யாரும் முறையாகக் கேட்டு வாங்கவில்லை. அந்த விவரம் கையில் இல்லாமல் எழுதப்பட்ட கொள்கைகள் நிலத்தில் இறங்கியதும் தடுமாறுகின்றன.

காற்றின் வழி

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலை தாழ்ந்து விலகும் இடங்களில் அது நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்ற நான்கு கணவாய்களில் பின்னிரண்டும் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவை, அல்லது அதன் விளிம்பில் இருப்பவை. குற்றாலத்தில் சாரல் விழும்போதுதான் சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலைக் காடுகளில் இறக்கைகள் முழு வேகத்தில் சுற்றும். கடற்கரைக்காரர் கச்சான் என்று சொல்லும் அதே காற்று, இடிந்தகரையில் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கச் சொல்கிறது, ராதாபுரத்தில் மீட்டரை ஓட்டுகிறது.

கொள்கைக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இதில் இருக்கின்றன. ஒன்று, காலம். மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி வருகிறது. சீசன் உச்சத்தில் தமிழகக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்ததுண்டு. கார்த்திகையில் அதே இயந்திரங்கள் வேடிக்கைப் பொருளாக நிற்கும். இரண்டு, திசை. சீசன் முழுவதும் காற்று ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து, மேற்கிலிருந்து, வருகிறது. பல திசைகளிலிருந்தும் மாறி மாறி வீசும் வட ஐரோப்பியச் சமவெளிக்கும் இந்தக் கணவாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. பின்னால் வரும் இடைவெளிக் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அளந்தவர்கள்

எண்பதுகளில் மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை நாடு தழுவிய காற்று அளவெடுப்பைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் வானிலை அறிவியலாளர் அன்னா மணி. இந்திய வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் எடுத்த வேலை அது. எங்கெங்கே கம்பம் நட்டுக் காற்றுமானி வைக்க வேண்டும், எத்தனை காலம் பதிவு செய்ய வேண்டும், பிழையை எப்படிக் களைய வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்திய அந்தத் தொகுதிகள் இல்லாமல் இந்தியக் காற்றாலைத் தொழில் இவ்வளவு சீக்கிரம் நிலைபெற்றிருக்காது. இன்றும் நான் மிகவும் மதிக்கும் அரசு ஆய்வுப் பணிகளில் அது ஒன்று.

1986-இல் நாட்டின் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில் வந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் சிற்றியந்திரம். அதே ஆண்டுதான் தூத்துக்குடி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவும் ஆனது. அடுத்து டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் பண்ணைகள் வந்தன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்த கயத்தாறு, காற்றாலை இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஊராகவும் ஆனது. 1998-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் கயத்தாறில் தன் சோதனை நிலையத்தை அமைத்தது. அந்த மையமே 2014-இல் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது.

இந்த நிறுவனம் வெளியிடும் காற்றுவள வரைபடங்கள் உலகத் தரமானவை. ஆனால் அவை பயன்படுத்தப்படும் விதத்தைப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்றாற்றல் வளம் 302 ஜிகாவாட் என்றார்கள். 120 மீட்டரில் 695 ஜிகாவாட். 150 மீட்டரில் 1,164 ஜிகாவாட். தமிழ்நாட்டுக்கு மட்டும் முறையே 34, 69, 95 ஜிகாவாட். உயரம் ஏற ஏற நாடு பணக்கார நாடாகிறது. மேடையில் அறிவிக்க அழகான எண்கள். பணகுடியில் 30 மீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு மேலே, 150 மீட்டரில் வீசும் காற்று யாருக்குச் சொந்தம், அதை யார், எந்தப் பட்டா நிலத்தில் கால் ஊன்றி எடுப்பது என்று அந்த வரைபடத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது வேறோர் ஆய்வு. அந்த வேறோர் ஆய்வுக்குத்தான் இதுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

சலுகையின் காலம்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர், ராஜபாளையம் நூற்பாலைகள் ராதாபுரம் வட்டத்துப் புன்செய்களைத் தேடி வந்ததற்குக் காற்று ஒரு காரணம். வருமான வரி இன்னொன்று. காற்றாலைக்குப் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே நூறு சதவீதம் தேய்மானமாகக் காட்டி, வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அன்று இருந்தது. நல்ல லாபம் ஈட்டிய ஆலை, வரியாகப் போக வேண்டிய பணத்தில் காற்றாலை வாங்கியது. ஆலைக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்தால் கூடுதல் லாபம். அது சரியாகச் சுற்றுகிறதா என்ற கவலை இரண்டாம் பட்சம். சொத்து அந்த நிதியாண்டில் 180 நாட்களாவது பயன்பட்டிருந்தால்தான் முழுத் தேய்மானம் கிடைக்கும், குறைந்தால் பாதி. அதனால் காற்றாலை நிறுவும் வேலை பருவத்தைப் பார்த்து நடந்ததைவிட, செப்டம்பர் 30-ஐயும் மார்ச் 31-ஐயும் பார்த்து நடந்ததுதான் அதிகம்.

நூறு சதவீதம் 2002-இல் எண்பதாகக் குறைந்தது. 2009 இறுதியில், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை வந்தது. ஒழுங்காக ஓட்டினால்தான் பணம் என்பதால் இது மேலான யோசனை. 2012 ஏப்ரலில் தேய்மானச் சலுகை பறிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு 3,200 மெகாவாட்டை ஒட்டி வந்த புதிய காற்றாலைகள் 1,700 ஆகச் சரிந்தன. 2014-இல் சலுகை திரும்ப வந்தது. 2017-இல் அது நாற்பது சதவீதமாகக் குறைந்தது, ஊக்கத்தொகை நின்றது, நிலையான விலை போய் ஏலம் வந்தது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. 2016-17-இல் 5,500 மெகாவாட் என்று சாதனை படைத்த நாடு அடுத்த ஆண்டு 1,800-ஐ ஒட்டி நின்றது. 2022-க்குள் 60,000 மெகாவாட் என்ற இலக்கு, அந்த ஆண்டு மார்ச்சில் 40,000-ஐச் சற்றே தாண்டிய நிலையில் முடிந்தது. 50,000-ஐத் தொட 2025 மார்ச் வரை ஆயிற்று. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாடு அதற்குள் குஜராத்துக்குப் பின்னால் போய்விட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. வரிச் சலுகை கொடுத்தவர்கள், இயந்திரம் எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது, எந்தப் பாகம் எத்தனை ஆண்டில் போயிற்று என்று ஒரு படிவம்கூடக் கேட்கவில்லை. ஊக்கத்தொகை கொடுத்தபோதும் யூனிட் கணக்கோடு சரி.

ஒரு கோபுரத்தின் அடியில்

பணகுடிக்குத் தெற்கே ஒரு பண்ணையில், கம்பிக் கோபுரத்தின் அடியிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபுரக் காலில் மின்வாரிய இணைப்பு எண் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. இந்த வட்டாரத்தில் ஒரு காற்றாலைக்குப் பெயர் என்று ஏதும் இருந்தால் அந்த எண்தான். மேலிருந்து வழிந்த கியர் எண்ணெய் கோபுரத்தில் பழுப்புக் கோடுகளாக இறங்கி, செம்மண் தூசியைப் பிடித்துக் கெட்டியாகியிருந்தது. பக்கத்தில் ஒரு கோபுரம் இறக்கையில்லாமல் நின்றது. அதன் உறுப்புகளைக் கழற்றித்தான் மற்றவை ஓடுகின்றன. இயந்திரம் செய்த கம்பெனி எப்போதோ மூடியாகிவிட்டது, உதிரிப்பாகத்துக்கு வேறு வழி கிடையாது.

பராமரிப்பைக் கவனிக்கும் அண்ணாச்சி இளவட்ட வயதில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கியர்பாக்ஸின் சத்தத்தைக் கீழே நின்று கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறார். மேசையின் கீழே கோடு போட்ட நோட்டுகள் அடுக்கி இருந்தன. "இதையெல்லாம் யாரும் கேட்டு வந்ததில்லை, சார். நீங்கள்தான் எடுத்துப் பார்க்கிறீர்கள்" என்றார். தமிழில், சில இடங்களில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில், ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார்கள். கிரிட் (மின்தொடர்) இல்லை. இறக்கை நுனி பிரேக் ஒட்டிக்கொண்டது. தலை திருப்பும் மோட்டார் எரிந்தது. கெப்பாசிட்டர் மாற்றியது. இடி. மறுபடி கிரிட் இல்லை. நான் புரட்டிய பக்கங்களில் அடிக்கடி கண்ணில் பட்ட குறிப்பு அந்தக் கிரிட் இல்லைதான், அதுவும் காற்று உச்சத்தில் இருக்கும் ஆனி, ஆடி நாட்களில். அதற்கு முந்தைய ஆண்டுகளின் நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் கரையான் தின்றது, மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று.

ஒரு பண்ணையை வைத்து வட்டாரத்தையே எடைபோட முடியாது. ஆனால் இப்படிப்பட்ட நோட்டுகள் பண்ணைக்குப் பண்ணை இருந்தாக வேண்டும். வெப்பமும் உப்புக்காற்றும் செம்மண் தூசியும் நிலையில்லாத மின்தொடரும் சேர்ந்து ஓர் இயந்திரத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நீண்ட பதிவு இந்த நாட்டில் வேறெங்கே கிடைக்கும்? கோடிக்கணக்கில் செலவு செய்து புதிதாகத் தொடங்க வேண்டிய ஆய்வின் முதல் பகுதியை நோட்டு விலைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் எடைக்குப் போடுகிறோம்.

இடைவெளிக் கணக்கு

புதுப்பித்தல் என்றால் என்ன லாபம் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பழைய இயந்திரம் 225 கிலோவாட், இறக்கை வட்டத்தின் குறுக்களவு 27 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதியது 3 மெகாவாட், குறுக்களவு 144 மீட்டர். இரண்டுமே சந்தையில் உள்ள அளவுகள்.

முன்னால் நிற்கும் இயந்திரம் காற்றின் வேகத்தை உறிஞ்சிக் குழப்பமான காற்றைப் பின்னால் அனுப்புகிறது. மேற்கே நிற்பவன் தின்ற மிச்சம்தான் கிழக்கே நிற்பவனுக்கு என்று இங்குள்ள உரிமையாளர்கள் சண்டை போடுவது இதனால்தான். அதற்காக வைத்த பொதுவிதி, காற்று வரும் திசையில் குறுக்களவைப் போல் ஏழு மடங்கு, பக்கவாட்டில் ஐந்து மடங்கு இடைவெளி. இந்த விதிப்படி பழைய இயந்திரத்துக்கு வேண்டிய பரப்பு 135-க்கு 189 மீட்டர், அதாவது ஆறேகால் ஏக்கர் போல. புதியதற்கு 720-க்கு 1,008 மீட்டர், ஏறத்தாழ 179 ஏக்கர். ஆக, பழையவை 28 நிற்கும் இடத்தில் புதியது ஒன்றுதான் நிற்க முடியும்.

28 பழைய இயந்திரங்களின் மொத்தத் திறன் 6.3 மெகாவாட். அவற்றை எடுத்துவிட்டு 3 மெகாவாட் ஒன்றை வைக்கிறோம். திறன் பாதிக்கும் கீழே போகிறது! உற்பத்தி? பழையவை ஆண்டுச் சராசரியாகத் தம் திறனில் 16 சதவீதமும் புதியது 36 சதவீதமும் கொடுக்கும் என்று தோராயமாக வைத்தால், பழையவை ஆண்டுக்கு 88 லட்சம் யூனிட், புதியது 95 லட்சம் யூனிட். இந்த ஏழு லட்சம் யூனிட்டுக்காகவா ஓர் உரிமையாளர் இருபது கோடிக்குமேல் கடன் வாங்குவார்? புதுப்பித்தால் உற்பத்தி பல மடங்கு பெருகும் என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுவதை நம்பிப் பணகுடிக்கு வரும் வங்கி அதிகாரி, இந்தக் கணக்கைப் பார்த்தால் அடுத்த பஸ்ஸிலேயே நாகர்கோவில் போய்விடுவார்.

இப்போது காற்றின் திசையைக் கணக்கில் சேர்க்கலாம். சீசன் முழுவதும் காற்று மேற்கிலிருந்தே வருமானால், பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை ஒன்றின் காற்றை ஒன்று திருடுவது குறைவு. பக்கவாட்டு இடைவெளியை ஐந்து மடங்கிலிருந்து மூன்று மடங்காகக் குறைத்தால் ஓர் இயந்திரத்துக்கு வேண்டிய பரப்பு 108 ஏக்கருக்கு வந்துவிடும். அதே 179 ஏக்கர் விகிதத்தில் சராசரியாக 5 மெகாவாட் அடங்கும். உற்பத்தி ஒன்றரைக் கோடி யூனிட்டைத் தாண்டும். நெருக்கத்தால் ஏற்படும் இழப்பு இதில் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். எவ்வளவு கடிக்கும்? அந்த ஒரு எண்ணில்தான் திட்டம் தேறுவதும் தேறாததும் இருக்கிறது.

2016 கொள்கையே புதுப்பித்தலுக்கு ஏழுக்கு ஐந்து விதியைத் தளர்த்தலாம் என்று சொன்னது. தளர்த்தி எவ்வளவுக்குக் கொண்டு வரலாம் என்பதற்கு இந்தக் கணவாயில் அளந்த விடை வேண்டும். வெளிநாட்டுக் கணினி மாதிரிகள் மலையோரக் காற்றை, அதிலும் மலை இடுக்கில் பிதுங்கி வரும் காற்றை, அவ்வளவு நம்பகமாகச் சொல்வதில்லை. உலகக் காற்றாற்றல் ஆய்வாளர்கள் 2019-இல் தங்கள் துறையின் பெரும் சவால்களைப் பட்டியலிட்டபோது முதலில் வைத்தது, காற்றாலைகள் இயங்கும் உயரத்திலுள்ள வளிமண்டல ஓட்டத்தைப் புரிந்துகொள்வதைத்தான். கயத்தாறில் நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது திறந்த கரிசல் வெளி. தனி இயந்திரத்தின் திறனைச் சோதிப்பதற்கு ஏற்ற இடம். பணகுடி மலையடிவாரம், நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கி நிற்கும் இடம்.

28 இயந்திரங்கள் 28 உரிமையாளர்களுடையவையாக இருக்கலாம் என்பது அடுத்த சிக்கல். தொண்ணூறுகளில் கோபுரம் நிற்கும் துண்டு நிலத்தைத்தான் கிரயம் வாங்கினார்கள், இடையிலுள்ளது ஊர்க்காரர் பட்டாவில் இருக்கிறது. ஆடு மேய்கிறது, பனை நிற்கிறது, சில இடங்களில் வீடும் வந்துவிட்டது. 70 மீட்டர் நீள இறக்கை ஏற்றிய லாரி நான்குவழிச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்ப வேண்டுமென்றால் யாராவது வேலியைக் கொடுத்தாக வேண்டும்.

இயந்திரத்தைவிட விலை உயர்ந்த காகிதம்

உரிமையாளர் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணம், மின்வங்கி. ஆடியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்திடம் வரவு வைத்து, தையில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் வசதி இது. எண்பதுகளின் நடுவிலிருந்தே தமிழ்நாட்டில் உண்டு. காற்றாலை இங்கே வேரூன்றியதற்கு வரிச் சலுகைக்கு இணையான காரணம். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஏப்ரல் ஆணையில், அந்த ஆண்டு மார்ச் 31 வரை நிறுவப்பட்டவற்றுக்கு ஓராண்டு வங்கியைத் தொடர்ந்தது. பின்னால் வருபவற்றுக்கு ஒரு மாதமாகச் சுருக்கியது. ஆணை மேல்முறையீட்டுக்குப் போனது, வழக்கு நீண்டது. உரிமையாளருக்கு எட்டிய செய்தி ஒன்றுதான்: பழைய இணைப்பு எண்ணை விட்டால் பழைய உரிமையும் போகலாம். ஓட்டை இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது அந்த எண். 2024 மாநிலக் கொள்கை விதித்த கட்டணங்களுக்குக் காற்றாலைச் சங்கங்களும் ஆலைச் சங்கங்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சீசனில் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாங்கி வைத்து, தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை கொடுத்து வாங்கித் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை எவ்வளவு என்பதை மாதவாரியாக, இரு தரப்பும் ஏற்கும் ஒரு பொது அமைப்பு கணக்கிட்டு வெளியிட்டால் வழக்குகளில் பாதி குறையும்.

கம்பியில் ஏறாத காற்று

மின்தொடர் விஷயத்தில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. தென்மாநில மின்தொடர் 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியாக நாட்டின் பொதுத் தொடரோடு ஒத்திசைந்தது. அதற்கு முன்னால், இங்கே மிஞ்சிய காற்று மின்சாரத்தை வடக்கே தாராளமாக அனுப்ப வழியே இல்லை, நிறுத்தச் சொல்வதுதான் வழி. கயத்தாறு, கானார்பட்டி, தென்னம்பட்டி ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட் நிலையங்களும் வந்தன. பெரிய தடம் சரி. அண்ணாச்சியின் நோட்டில் உள்ள கிரிட் இல்லை பெரும்பாலும் இந்தப் பெரிய தடத்தில் நேர்ந்ததல்ல. கோபுரத்திலிருந்து துணை மின்நிலையம் வரை போகும் பழைய ஃபீடரில் நேர்ந்தது. அதற்கு யார் செலவு செய்வது என்பதில் உரிமையாளரும் வாரியமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடலில் காற்றாலை வைப்பது தனிக் கதை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். மன்னார் வளைகுடாப் பக்கம் காற்று அருமையானது. ஆனால் கரையில் கட்டிய பண்ணைகளின் முப்பதாண்டுப் பழுதுக் கணக்கைச் சேகரிக்காத நாடு, பழுதானால் படகில் போய்ச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் எந்த அனுபவத்தை நம்பி இறங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

டென்மார்க்கும் ஜெர்மனியும் கேட்டது

டென்மார்க்கில் ரிசோ ஆய்வகத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் 1978-இல் தொடங்கியது. மறு ஆண்டு அரசு, காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 சதவீத மானியம் அறிவித்தது. ரிசோ சான்று பெற்ற இயந்திரத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. தரம் தானாக உயர்ந்தது. கயத்தாறு நிலையம் அந்த ரிசோவின் துணையோடுதான் வந்தது. சான்றிதழ்ப் பாடத்தை நாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டோம்.

ஜெர்மனி 1989-இல் தொடங்கிய பாடத்தைப் படிக்கவில்லை. 250 மெகாவாட் காற்றாலைத் திட்டம் என்ற பெயரில் அங்கே மானியம் பெற்றவர்கள், ஒவ்வொரு பழுதையும் ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் படிவத்தில் எழுதி அனுப்பக் கடமைப்பட்டார்கள். ஏறத்தாழ 1,500 இயந்திரங்கள், 2006 வரை, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட அறிக்கைகள். அதிலிருந்து வந்த தெளிவு எளிமையானது, மதிப்பு மிக்கது. மின்சாரப் பாகங்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அடிக்கடி பழுதாகும், சீக்கிரம் சரியாகும். கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் அபூர்வமாகத்தான் போகும், போனால் நாள் கணக்கில் இயந்திரம் படுத்துவிடும். பராமரிப்பு ஒப்பந்தம், காப்பீட்டுப் பிரீமியம், உதிரிப்பாக இருப்பு எல்லாவற்றுக்கும் அது அடிப்படையாயிற்று. மானியத்துக்கு விலையாகத் தகவலைக் கேட்டார்கள். நாம் கொடுத்த வரிச் சலுகையின் அளவைப் பார்த்தால், இப்படி ஒரு படிவம் கேட்டிருக்க நமக்கு முழு உரிமையும் இருந்தது.

அந்த ஜெர்மன் விவரத்தை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. அங்கே ஆடி மாதத்தில் ஃபீடர் போவதில்லை.

என்ன செய்யலாம்

தேசிய ஆய்வுத் திட்டம் என்றதும் புதிய இறக்கை வடிவமைப்பு, ஹைட்ரஜன், செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீளும். அவை நடக்கட்டும். நெல்லைச் சீமையிலிருந்து பார்த்தால் முதலிடம் வேறொன்றுக்கு.

இனி அரசு கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும், ஆயுள் நீட்டிப்பு அனுமதி, புதுப்பித்தலுக்கான வட்டித் தள்ளுபடி, மின்வங்கி எதுவானாலும், பராமரிப்புப் பதிவை ஒப்படைப்பது நிபந்தனையாக வேண்டும். கணினிப் பதிவு இல்லாத பழைய பண்ணைகளில் அண்ணாச்சிமார் எழுதிய நோட்டுகளே போதும். அவற்றைப் படமெடுத்து எண்ணிமமாக்கிப் பகுப்பது நெல்லையின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை. அவசரமான வேலையும் இதுவே. பழைய கோபுரம் இறங்கும் நாளில் நோட்டும் இறங்கிவிடும்.

அடுத்தது கணவாயில் காற்றாலையின் பின்தடத்தை, அதாவது இறக்கைக்குப் பின்னால் போகும் குழம்பிய காற்றை, அளப்பது. லேசர் கற்றையால் தூரத்துக் காற்றை அளக்கும் லைடார் கருவிகளைப் பணகுடி - பழவூர் வரிசைகளில் இரண்டு சீசன் முழுவதும் நிறுத்தி, பக்கவாட்டு இடைவெளி மூன்று மடங்கானால் இழப்பு எவ்வளவு, நான்கானால் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்திடம் இதற்கான அறிவும் ஆளும் உண்டு. கேள்வியைக் கேட்கத்தான் யாரும் இல்லை. வெளிவரும் எண் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், ஒரு கம்பெனியின் பெட்டியில் பூட்டப்படக் கூடாது.

உரிமையாளர்களை ஒன்று சேர்ப்பது ஆய்வகத்தில் நடக்காது. ஆனால் அதற்கும் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பலர் சேர்ந்து தங்கள் தேவைக்கே மின்சாரம் எடுக்கும் கூட்டுச் சொந்த உற்பத்தி விதிகளின்படி, பயன்படுத்துவோர் 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் போதும். 28 இணைப்பு எண்களை ஒரு கூட்டு நிறுவனத்தின் பங்குகளாக மாற்றி, பழைய வங்கி உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் புதிய இயந்திரத்துக்கும் தொடர்ந்தால், காகிதத்தைக் காப்பாற்றுவதற்காக இரும்பைக் காப்பாற்றும் நிலை மாறும். இடையில் நிலம் வைத்திருக்கும் சம்சாரிக்கும் (விவசாயிக்கும்) அதில் பங்கு வேண்டும். வேலியைக் கொடுக்கப்போகிறவர் அவர்தானே.

அந்தச் சம்சாரியிடம் பேசினால் இன்னொரு கேள்வியும் வரும். காற்றாடி வந்த பிறகுதான் மழை போயிற்று என்று ராதாபுரம் முதல் சங்கரன்கோவில் வரை நம்புகிறவர்கள் ஏராளம். இந்தச் சமவெளி தென்மேற்குப் பருவத்தில் மலையின் மழைமறைவில் கிடப்பது காற்றாலைக்கு ஆயிரமாயிரம் ஆண்டு முந்திய நிலவரம். ஆனால் அதை ஊர்க் கிராமசபையில் வந்து, மழைமானிப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவர் ஒருவரும் இல்லை. இருக்கிற பழைய மழைப் பதிவுகளை வைத்தே செய்யக்கூடிய சிறிய ஆய்வு இது. நிலம் கிடைக்காமல் நின்றுபோகும் பெரிய திட்டங்களோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.

பணம் எங்கே என்பார்கள். 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தீர்வை விதித்து, தூய எரிசக்தி ஆய்வுக்கென்று தேசிய நிதி ஒன்று தொடங்கினார்கள். தீர்வை 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்ததும் அது மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் கரைந்துபோயிற்று. ஆகவே பணம் இருந்ததில்லை என்ற பதிலை நான் ஏற்பதாக இல்லை. பழுதுப் பதிவு வணிக இரகசியம் என்று உரிமையாளர் சங்கங்கள் சொல்லலாம். பெயரை நீக்கிவிட்டு, இயந்திர வகையும் வட்டாரமும் மட்டும் தெரியும்படி வெளியிடுவது ஜெர்மனியில் நடந்த நடைமுறை. 2024 மாநிலக் கொள்கையின் கட்டணச் சண்டை முடியும்வரை இதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. இருபது ஆண்டைக் கடந்த இயந்திரத்துக்கு ஆயுள் நீட்டிப்பு கேட்டு வரும் அடுத்த விண்ணப்பத்தோடு, கடந்த பத்தாண்டுப் பராமரிப்பு நோட்டுகளின் நகலை இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை தொடங்கிவிடும்.